தாளிப்பதற்கு முன் ஒரு பிடி

புனேயில் வயதான நாயோடு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



காம்ப்பிலும் கட்கியிலும் தலைமுறைகளாக வேரூன்றியவர்களுக்கும், ஹிஞ்சவடி வேலைக்காக வந்து வாகடிலோ பிம்பளே சௌதாகரிலோ குடியேறியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் முகவாய் நரைத்த நாய் ஒன்று இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான்.

ஏப்ரல், மே வந்தால் இந்த ஊரில் வீடு காலிசெய்யும் லாரிகள் அதிகம் தென்படும். பள்ளி ஆண்டு முடிந்திருக்கும், மாற்றல் உத்தரவு வந்திருக்கும். சென்னைக்கோ கோவைக்கோ திரும்பும் குடும்பம் ஃப்ரிட்ஜுக்கும் பீரோவுக்கும் முதலில் இடம் பார்க்கும். நாயைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். "வயசாயிடுச்சு, அங்க ஃப்ளாட்டுல விடமாட்டாங்க, இங்கேயே யாராவது பாத்துப்பாங்க" என்பார்கள். அதோடு நிற்பதில்லை. "முன்ன மாதிரி இல்லங்க, ரொம்ப சேட்டை" என்று ஒரு குற்றச்சாட்டும் சேரும். இதை நான் எங்கள் லிஃப்டிலும் கேட்டிருக்கிறேன், காய்கறி வண்டி அருகிலும் கேட்டிருக்கிறேன். சேட்டை என்ற அந்தக் குற்றச்சாட்டைப் பற்றி முதலில் பேசிவிடுவோம்.

எங்கள் வீட்டில் இருப்பவன் மோத்யா. கோத்ரூடில் எங்கள் குடியிருப்பின் வாசலில் பிறந்த தெருநாய்க் குட்டி. பெயர் வைத்தவர் காவலாளி. மகாராஷ்டிர கிராமங்களில் தெருவுக்கு ஒரு மோத்யா இருப்பான். எங்களுடையவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது நடக்கிறது. புருவம் வெளுத்துவிட்டது. கண்மணிக்குள் நீலச் சாம்பலாக ஒரு மங்கல். உட்கார்ந்து எழும்போது பின்னங்கால் ஒரு நொடி யோசிக்கிறது. சேட்டை மட்டும் குறையவில்லை, தினுசு மாறியிருக்கிறது. இளமையில் பூனையைத் துரத்தினான், செருப்பைக் கடித்தான். எல்லாம் அவசரக் காரியங்கள். இப்போது காத்திருந்து செய்கிறான்.

எங்கள் வீட்டுக்குச் சமையல் உதவிக்கு வரும் மாவஷி காலையில் சோள பாக்ரி தட்டுவார். மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, மரத்தட்டில் உள்ளங்கையால் சுழற்றிச் சுழற்றித் தட்டி, இரும்புத் தவாவில் போட்டு மேலே தண்ணீர் தடவுவார். அந்த ஈரம் காய்ந்ததும் திருப்பி, கடைசியில் நேரடித் தணலில் காட்டினால் பாக்ரி பூரித்து எழும். அதைத் தாழ்வான முக்காலியின் மேல் விரித்த துணியில் அடுக்குவார். இத்தனை நேரமும் மோத்யா சமையலறை வாசற்படியில் முன்னங்கால் மேல் முகவாயை வைத்துக் கண்ணை மூடிக் கிடப்பான். மரத்தட்டைக் கழுவ மாவஷி குழாய்ப் பக்கம் திரும்ப வேண்டும், அதுதான் அவனுக்கு நேரம். நகம் தரையில் படும் சத்தம்கூட வராமல் எழுந்து, மேலே இருக்கும் பாக்ரியை ஓரத்தில் கவ்வி, சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். இரண்டு பாதங்களாலும் அமுக்கிப் பிடித்து முதலில் மேலே உரியும் மெல்லிய ஏட்டைத்தான் பிரித்துத் தின்பான். மராத்தியர் அதைப் பாபுத்ரா என்பார்கள், அதைத் தூக்கிவிட்டு உள்ளே நெய் விடுவது வழக்கம். "காய் ரே மோத்யா!" என்று மாவஷி குரல் கொடுப்பார். அவன் அவரைப் பார்க்கமாட்டான், சுவரைப் பார்ப்பான்.

நடைக்குப் போன இடத்தில் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டால் அவனுக்குக் காது கேட்காது. நெய்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாலோ உள்ளறையிலிருந்து வந்து நிற்பான். கண்ணும் காதும் மங்கிய பிறகும் நாய்க்கு மூக்கு நெடுநாள் துணையிருக்கும்.

இப்படித் திருடத் திட்டம் போடும் கிழ நாயைப் பார்த்து நீங்கள் மகிழ வேண்டும் என்றுதான் சொல்வேன். பசி இருக்கிறது. நேரம் பார்க்கும் புத்தி இருக்கிறது. நேற்று எங்கே கிடைத்தது என்ற நினைவு இருக்கிறது. முக்காலி வரை கொண்டுபோகும் கால் இருக்கிறது. ஒரு முதிய உடம்பில் இவை நான்கும் ஒன்றாக வேலை செய்வதைக் காட்டும் சோதனை எந்த ஆய்வகத்திலும் இல்லை.

எல்லாச் சேட்டையும் சேட்டை ஆகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில்தான் நாயைக் கைவிடும் முடிவுக்குப் போகிறார்கள். ஒருநாளும் உணவைத் திருடாத நாய் திடீரென்று குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தின்ன ஆரம்பித்தால், கூடவே தண்ணீரும் நிறையக் குடித்தால், அது நீரிழிவாகவோ அட்ரீனல் சுரப்பியின் கோளாறாகவோ இருக்கலாம். வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் சிறுநீர்ப்பைத் தொற்றோ சிறுநீரகக் கோளாறோ காரணமாக இருக்கலாம், அடம் காரணமல்ல. நடுராத்திரியில் அறைக்கு அறை நடப்பது, கதவின் கீல் பக்கம் போய் நின்றுகொண்டு திறக்கக் காத்திருப்பது, மூலையில் முட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நிற்பது, தெரிந்தவரைப் பார்த்துக் குரைப்பது, இவை மூளை முதுமையின் அடையாளங்கள். மனிதருக்கு வரும் மறதிநோயை ஒத்தது இது. கலிபோர்னியாவில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதமும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதமும் இத்தகைய அறிகுறிகளில் ஒன்றையாவது காட்டின. ஆகவே சேட்டை புதிதாகத் தொடங்கியதா, பழையதன் தொடர்ச்சியா என்று முதலில் பாருங்கள். புதிது என்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள், இரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பாருங்கள். பல கோளாறுகளுக்கு மாத்திரையும் உணவு மாற்றமும் போதும்.

நாயின் வயதை ஏழால் பெருக்கும் கணக்கையும் மறந்துவிடலாம். 2020-இல் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயது விட்டுச்செல்லும் தடயங்களை மனிதருடையவற்றோடு ஒப்பிட்டார்கள். ஒரு வயது நாய் நம் முப்பதை எட்டிவிடுகிறது, நான்கு வயதில் ஐம்பதைத் தாண்டிவிடுகிறது, பிறகு வேகம் தணிந்து பன்னிரண்டு வயதில் எழுபதை ஒட்டி நிற்கிறது என்பது அவர்கள் கண்டது. இனத்துக்கு இனம் இது மாறும். ஆனால் பன்னிரண்டு வயது நாய் என்பது பெரும்பாலும் நம் வீட்டு எழுபது வயதுத் தாத்தாதான். எழுபது வயதுத் தாத்தா சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தால் அவரை நாம் ஊரில் விட்டுவிட்டா வருகிறோம்?

நாம் வந்து சேர்ந்திருக்கும் இந்த மண்ணுக்கு நாயின் திருட்டைப் பற்றி ஓர் அழகான பார்வை உண்டு. நாமதேவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மஹிபதி 1762-இல் மராத்தியில் முடித்த பக்த விஜயம் தமிழுக்கும் வந்து, பாட்டிமார் மடியில் இருந்த நூல். நாமசங்கீர்த்தன மேடைகளிலும் நாமதேவர் நமக்கு அந்நியரல்லர். பண்டரிபுரத்தில் அவர் ரொட்டி சுட்டு வைத்திருந்தபோது நாயொன்று வந்து கவ்விக்கொண்டு ஓடியது. மனிதர் கல்லை எடுக்கவில்லை. நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார், வறட்டு ரொட்டியாகத் தின்ன வேண்டாம், நெய் தடவித் தருகிறேன் என்று கெஞ்சியபடி. அந்த நாயில் அவர் விட்டலனைக் கண்டார் என்று முடிப்பார்கள். எனக்கு அந்த முடிவைவிட நெய்க் கிண்ணம் பிடிக்கும். பறிபோன உணவு போனதாகவே இருக்கட்டும், அது நல்லபடியாக வயிற்றுக்குப் போக வேண்டும் என்ற கவலை அதில் இருக்கிறது. இன்றைக்கும் பண்டரிபுரக் கோயிலின் முதற்படி நாமதேவர் படி என்றுதான் வழங்குகிறது. ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும் தேஹுவிலிருந்து துக்காராம் பல்லக்கும் ஆஷாட ஏகாதசிக்காக அந்தப் படியை நோக்கித்தான் நம் புனே வழியாக நடந்து போகின்றன.

ஜேஜுரிக்கும் போயிருப்பீர்கள், புனேயிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். மஞ்சள் தூள் பறக்கும் அந்தக் குன்றின் தெய்வமான கண்டோபா குதிரையில் வருபவர், கூடவே நாய் ஓடிவரும். பைரவரை நாயோடு கும்பிட்டுப் பழகிய நமக்கு இது புரியாத வழிபாடல்ல. மார்கழியை ஒட்டி வரும் சம்பா சஷ்டியில் கண்டோபாவுக்குப் படைப்பது என்ன தெரியுமா? சுட்ட கத்தரிக்காய் மசியலும் தானிய ரொட்டியும். குதிரையேறிய தெய்வத்துக்கு ஏழை வீட்டு இரவுச் சாப்பாடு.

உணவுக்கு வருவோம். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நம்மில் பலர் நாய்க்கு நம் தட்டில் மிஞ்சியதைப் போட்டு வளர்த்தவர்கள். கிராமத்தில் அப்படித்தான் நடந்தது. மிஞ்சியது பழைய சோறு, கஞ்சி, கம்பங்கூழின் அடி என்று இருந்த காலத்தில் அதில் பெரிய கேடில்லை. இப்போது மிஞ்சுவது சாம்பார், புளிக்குழம்பு, வெங்காயம் போட்ட பொரியல், பிரியாணி. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. புனேயின் காலைச் சிற்றுண்டியான காந்தா போஹா முழுக்க வெங்காயம். மிளகாயும் பூண்டும் இடித்த டேச்சா, மிஸளின் மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெய், இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திராட்சை நாயின் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பது வெகுகாலமாகத் தெரியும், ஏன் என்பது தெரியாதிருந்தது. 2021-இல் அமெரிக்க விலங்கு நச்சு ஆலோசனை மையம் ஒன்றின் கால்நடை மருத்துவர்கள், திராட்சையில் மிகுதியாக உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அதே அமிலம் மிகுதியாக உள்ள இன்னொரு பொருளைத் தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகச் சேதம் வந்ததையும் பதிவுசெய்தார்கள். அந்தப் பொருள் புளி.

இதைப் படித்த அன்று நான் அடுப்பங்கரையில் சற்று நேரம் நின்றுவிட்டேன். ரசம், வத்தக்குழம்பு, புளியோதரை என்று நம் சமையலின் முதுகெலும்பே புளிதானே. மராத்திப் பருப்புக் குழம்பான ஆம்டியிலும் புளியோ கோகமோ விழும். ஒரு ஸ்பூன் ரசத்தில் நாய் செத்துவிடும் என்று சொல்லவில்லை, அளவும் உடம்பும் வேறுபடும். ஆனால் வயதான நாயின் சிறுநீரகம் ஏற்கெனவே பாதி ஓய்ந்திருக்கலாம், வெளியில் தெரியாது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதிதான்: தாளிப்பதற்கு முன், உப்புக்கு முன், புளிக்கு முன், வெங்காயத்துக்கு முன், அவனுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்துவிட வேண்டும்.

செய்வது இப்படி. குக்கரில் கீழே இந்திராயணி அரிசி. மாவள் பக்கத்து அரிசி, வெந்தால் குழைந்து ஒட்டிக்கொள்ளும், பல் விழுந்த வாய்க்கு ஏற்றது. மேல் பாத்திரத்தில் பாசிப்பருப்பு, நாலு துண்டு மஞ்சள் பூசணி, சிட்டிகை மஞ்சள்தூள், அவ்வளவுதான். ஆவி அடங்கியதும் மோத்யாவின் எவர்சில்வர் தட்டில் அவன் பங்கைப் போட்டுக் கையால் மசித்து, உப்பில்லாமல் வேகவைத்த கோழியோ முட்டையோ பிய்த்துப் போட்டு ஆறவைக்கிறோம். மீதி இருப்பது வாணலிக்குப் போகிறது. நெய், சீரகம், பெருங்காயம், கீறிய பச்சைமிளகாய், இறக்கிய பின் அரை மூடி எலுமிச்சை. அதுதான் எங்கள் இரவுச் சாப்பாடு.

மோத்யாவுக்காகத் தொடங்கிய பழக்கம் எங்கள் நாக்கையும் மாற்றியது. முன்பெல்லாம் வறுத்து அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கினால்தான் சமையல் என்று இருந்தோம். இப்போது வெறும் பருப்பின் வாசனை தெரிகிறது. மராத்தி விருந்தில் முதல் கவளம் வரண் பாத் என்பதன் அருமை எனக்கு இங்கே இத்தனை ஆண்டுகள் இருந்தும் சமீபத்தில்தான் உறைத்தது. சின்னக் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்த சூடான சோறு, அதன் தலையில் துவரம்பருப்பு, ஒரு கரண்டி நெய், பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு. அது நம் பருப்புச் சோறுதான், வேறொன்றுமில்லை. உடம்பு சரியில்லாதவர்களுக்குக் குழைந்த சோற்றில் மேட்கூட் பொடியும் நெய்யும் போட்டுக் கொடுப்பார்கள். நம் பருப்புப்பொடி சாதத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி. முளஷிப் பக்கத்து ஆம்பேமோஹர் அரிசியில் செய்தால் வேகும்போதே மாம்பூ மணம் கூடத்தை நிறைக்கும். சிங்கட் கோட்டைக்கு ஏறிப்போனவர்கள் மேலே கிடைக்கும் பிட்லா பாக்ரியை மறக்கமாட்டார்கள். கடலைமாவுக் கூழும் சூடான பாக்ரியும், மண்சட்டியில் உறைந்த தயிரும். ஏறிவந்த களைப்பு அந்தச் சாப்பாட்டுக்குச் சுவை கூட்டும் என்பார்கள். களைப்பில்லாமல் வீட்டில் தின்றாலும் அது நன்றாகத்தான் இருக்கிறது.

நாய்க்குச் சோறு ஆகாது, அது மாமிசம் தின்னும் பிராணி என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2013-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான், நாயிடம் 4 முதல் 30 வரை. மனிதன் விதைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அவன் களத்துமேட்டில் கிடந்து, அவன் சோற்றைத் தின்று, நாயின் குடலே மாறியிருக்கிறது. நம் சோற்றுக்காக உடம்பை மாற்றிக்கொண்ட பிராணி அது. இதைவிடப் பெரிய உறவு எனக்குத் தெரியவில்லை.

அதற்காகச் சோறும் பருப்பும் மட்டும் வைத்தால் போதாது. வயதான நாய்க்குத் தசை கரைந்துகொண்டே இருக்கும், ஆரோக்கியமான கிழ நாய்க்குப் புரதத்தைக் குறைக்கக் கூடாது. முட்டை, கோழி, மீன் ஏதாவது சேர வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்கும் மற்றவற்றுக்கும் மருத்துவர் சொல்லும் கலவையைச் சேர்க்க வேண்டும். சிறுநீரகம் கெட்டிருந்தால் கணக்கே வேறு, அதை அவர்தான் சொல்ல வேண்டும். சைவக் குடும்பங்கள் இதில் சங்கடப்படுவது எனக்குத் தெரியும். நாயின் தட்டுக்கென்று தனிப் பாத்திரமும் தனி அடுப்பும் வைத்துக்கொண்ட வீடுகள் இதே ஊரில் இருக்கின்றன, அல்லது நல்ல தயார் உணவை வாங்கி அதில் மேலாக ஒரு பிடி சோறு பிசைந்து வையுங்கள். வேகவைத்த எலும்பு மட்டும் வேண்டவே வேண்டாம், சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பாகர்வடியும் ஷ்ரூஸ்பெரி பிஸ்கட்டும் புனேயின் பெருமை, அவை நம் வயிற்றோடு நிற்கட்டும். கொழுப்பு மிகுந்த பண்டம் கிழ நாயின் கணையத்தைப் புண்ணாக்கும். சர்க்கரையில்லா சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால், சாக்லேட், பிப்ரவரி மார்ச்சில் தெருவெல்லாம் வண்டியில் வரும் திராட்சை, பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை, இவை எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கால் வலிக்கிறது என்று நம் பாராசிட்டமாலையும் இபுப்ரோஃபெனையும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது மருந்தல்ல.

கால் வலி என்றதும் தரை நினைவுக்கு வருகிறது. நம் புது ஃப்ளாட்டுகள் எல்லாம் பளபளக்கும் டைல்ஸ். மூட்டு தேய்ந்த நாய்க்கு அது பனிக்கட்டி. எழும்போது நான்கு காலும் நான்கு பக்கம் போகும், அதற்கே பயந்து சில நாய்கள் எழாமல் கிடந்துவிடும். சோம்பல் என்று நாம் நினைப்போம். பழைய யோகா விரிப்புகளை அதன் படுக்கையிலிருந்து தட்டு வரை, தட்டிலிருந்து வாசல் வரை பாதையாகப் போடுங்கள். செலவில்லாத வைத்தியம். டிசம்பர், ஜனவரியில் இங்கே குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். சென்னையில் பிறந்த நாய் மட்டுமல்ல, இந்த ஊரில் பிறந்த நாயும் கிழப்பருவத்தில் நடுங்கும். தரையில் கிடக்கவிடாமல் மடித்த கம்பளம் ஒன்று கொடுங்கள். கணேசோத்சவ நாட்களில் டோல் தாஷா மேளம் போகும் தெருப்பக்கத்து அறையிலிருந்து நாயை உள்ளறைக்கு மாற்றுங்கள். டெக்டிக் குன்றில் முன்போல ஏறவைக்க வேண்டாம். அடிவாரத்தில் ஒவ்வொரு செடியாக முகர்ந்து நிற்க விடுங்கள். பத்தடி தூரத்துக்கு அரைமணி நேரம் ஆகும், ஆகட்டும்.

லிஃப்டைப் பற்றி உங்கள் சொசைட்டியில் சண்டை வந்திருக்கலாம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வளர்ப்பு நாயைக் குடியிருப்புச் சங்கங்கள் தடைசெய்ய முடியாது என்றும், பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தியும் அது முடியாது என்றும் இருக்கிறது. லிஃப்டையும் மறுக்கக் கூடாது. ஐந்தாம் மாடியில் இருக்கும் கிழ நாய்க்கு லிஃப்ட் மறுப்பது அதைப் பூட்டிவைப்பதற்குச் சமம். நம் பக்கமும் சரியாக இருக்க வேண்டும். மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி, கழுத்துப் பட்டை, வழியில் அசுத்தம் செய்தால் உடனே அள்ளுவது. "வீட்டை விட்டே போகாத கிழம், அதுக்கெதுக்கு ஊசி" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஊசி நாய்க்கு மட்டுமல்ல, உங்கள் பேரக்குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

மாற்றலுக்கு வருகிறேன்.

வீட்டில் வளர்ந்த நாயைப் பன்னிரண்டு வயதில் தெருவில் விட்டால் அதற்கு எல்லை கிடையாது. தெரு நாய்களுக்கு மூலைக்கு மூலை எல்லை உண்டு, புதியவனை உள்ளே விடமாட்டா. கண் மங்கிய, காது கேட்காத, ஓடத் தெரியாத நாய் முதல் இரவே கடிபடும். வாகனமும் இருக்கிறது. காப்பகங்களில் இடமில்லை, இருந்தாலும் கிழ நாயைத் தத்தெடுக்க வருபவர் அரிது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு தட்டு மிஸள்கூட அந்த விலையில் கிடைக்காது. சட்டம் அவ்வளவுதான் காக்கும், மிச்சத்தை நாம்தான் காக்க வேண்டும்.

கொண்டுபோக வழி இருக்கிறது. ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு படுக்கை கூபேயோ நான்கு படுக்கை அறையோ முழுதாக உங்கள் குடும்பத்துக்கே பதிவாகியிருந்தால் நாயை உடன் அழைத்துச் செல்லலாம், பார்சல் அலுவலகத்தில் பதிவுசெய்து கட்டணம் கட்ட வேண்டும். தடுப்பூசிச் சான்றும், பயணத்துக்கு உடம்பு தகுதி என்ற மருத்துவர் சான்றும் கையில் வேண்டும். கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு கிழ நாய்க்கு ஆகாது, அந்தச் சூட்டையும் சத்தத்தையும் அது தாங்காது. கார் இருந்தால் இன்னும் நல்லது. தேசிய நெடுஞ்சாலை 48 நம் வாசலிலிருந்து கோலாப்பூர், பெலகாவி, பெங்களூரு வழியாகச் சென்னை வரை ஒரே சாலை, சுமார் 1,200 கிலோமீட்டர். நடுவில் ஒரு இரவு தங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் காட்டி, அதன் பழைய விரிப்பையே சீட்டில் போட்டுக் கூட்டிப்போகலாம். புது வீட்டில் முதல் வாரம் தட்டையும் படுக்கையையும் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றாதீர்கள். பார்வை குறைந்த நாய்க்கு ஊர் மாறியதைவிடத் தட்டு மாறியதுதான் பெரிய குழப்பம்.

எந்த வழியும் இல்லாத குடும்பங்களும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டு வேலை, வீட்டில் நோயாளி, கையில் பணமில்லை. அப்படியென்றால் கிளம்பும் வாரத்தில் தேடாதீர்கள், மூன்று மாதம் முன்பே தேடுங்கள். நாயைப் பழகிய ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்து, அதன் மருந்துச் சீட்டையும், என்ன தின்னும், எதைத் திருடும், இடி இடித்தால் எங்கே ஒளியும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். மாதாமாதம் அதன் செலவுக்குப் பணம் அனுப்புங்கள். இங்கேயே இருக்கப்போகிற குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் வேறு: உங்கள் கட்டடத்தில் யாராவது மாற்றலாகிப் போகிறார்கள் என்று தெரிந்தால், "நாயை என்ன பண்ணப் போறீங்க?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். நாய் வாங்க நினைப்பவர்கள் குட்டிதான் வேண்டும் என்று நிற்காமல், எட்டு, பத்து வயதில் வீடிழந்த ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அது ஏற்கெனவே வீட்டுப் பழக்கம் தெரிந்தது. செருப்பைக் கடிக்காது. பாக்ரியை மட்டும் உயரத்தில் வையுங்கள்.

இன்றைக்கு இரவு குக்கர் வைக்கும்போது உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு பங்கை எடுத்து வைத்துப் பாருங்கள். இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் ஒரு இரத்தச் சோதனைக்கு நேரம் கேளுங்கள். வயதான நாய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது தேவை.

அன்புடன்,
கோத்ரூடிலிருந்து, உங்களைப் போல ஒரு கிழ நாயோடு வாழும் தமிழ்க் குடும்பத்தினள்